ஒரு காலனிய நகரத்தின் தோற்றத்தை எழுதுவது எப்படி: நைரோபியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கிழக்காப்பிரிக்க நகரம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது ஒரு தேதியும் ஓர் ஆங்கிலேயரின் பெயரும்தான். ஆளரவமற்ற சமவெளி, அதில் ஒரு கூடாரம், கூடாரத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் என்று கதை வரிசையாக வந்து நிற்கும். அதையே விரித்து எழுதினால் பத்துப் பக்கம் நிரம்பிவிடும். ஆனால் அந்தப் பத்துப் பக்கமும் அந்த அதிகாரியின் பணிக் குறிப்பேடாக இருக்குமே தவிர, ஊரின் வரலாறாகாது. ஊர் ஏன் அங்கே அமைந்தது, யாருடைய நிலத்தில் அமைந்தது, யாருடைய உழைப்பில் எழுந்தது, யாரை எந்தப் பக்கம் ஒதுக்கி வளர்ந்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தேடும் முறையை இங்கே சொல்ல விரும்புகிறேன். கென்யாவின் தலைநகரான நைரோபியை முழு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்; தேவைப்படும் இடங்களில் கென்யாவின் கிசுமு, எல்டோரெட், இன்றைய தான்சானியாவின் தாருஸ்ஸலாம் ஆகிய ஊர்களும் துணைக்கு வரும்.

முதலில் நிலப்படம், பிறகுதான் ஆவணம்

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்பு, உயரக் கோடுகள் உள்ள ஒரு நிலப்படத்தை மேசையில் விரித்து வையுங்கள். மொம்பாசா துறைமுகத்தில் 1896-ல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதையை விரலால் தொடர்ந்து வாருங்கள். கடற்கரையிலிருந்து வறண்ட முட்புதர்க் காடுகளைத் தாண்டி, ஆத்தி சமவெளியைக் கடந்து, 327-ஆவது மைலில் விரல் நைரோபியைத் தொடும்போது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,660 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே நகர்த்திப் பாருங்கள். உயரக் கோடுகள் சட்டென்று நெருங்குகின்றன. கிகூயு மலைச்சரிவு 2,000 மீட்டரைத் தாண்டி எழுந்து, அதற்கு அப்பால் பெரும் பிளவுப் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்குகிறது.

ரயில் பாதையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் வைட்ஹவுஸ் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இந்த ஒரு படமே பாதி விடையைச் சொல்லிவிடும். மலையேறுவதற்கு முன்பு கிடைக்கும் கடைசிச் சமதளம் அது. எஞ்சின்களை நிறுத்தவும், தண்டவாளங்களைக் குவிக்கவும், பட்டறை போடவும் அகலமான வெளி வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டும். கடலுக்கும் விக்டோரியா ஏரிக்கும் இடையே சுமார் 580 மைல் நீண்ட பாதையில் ஏறக்குறைய நடுப்பகுதியாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைத்தன. மசாய் மக்கள் அந்த நீரோடையை ‘என்கரே ந்யிரோபி’, அதாவது குளிர்ந்த நீர் என்றே அழைத்தார்கள். ஊரின் பெயர் அதிலிருந்துதான் வந்தது.

மறுபாதி விடை மண்ணில் இருக்கிறது. கரிசல் காட்டில் நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் உப்பிக் குழைந்து காலைக் கவ்வும், வெயிலில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும், தண்ணீரைக் கீழே விடாமல் மேலேயே தேக்கி வைக்கும் அதே கறுப்பு மண்தான் நைரோபிச் சமதளத்திலும் பரவிக் கிடக்கிறது. ஆற்றோரம் முழுவதும் கோரைச் சதுப்பு. ரயிலுக்குத் தோதான அதே சமதளத்தில், பல்லாயிரம் பேர் குடியிருந்தால் கழிவுநீர் ஓட வழியே இராது. மருத்துவ அதிகாரிகள் இதைத் தொடக்கத்திலேயே எச்சரித்தார்கள். ஆனால் அதற்குள் பட்டறையும் கிடங்கும் எழுந்துவிட்டன. நைரோபி ரயிலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில் மனிதர்கள் வாழ நேர்ந்த ஊர் என்பதை நிலப்படத்திலேயே கண்டுகொண்டால், பின்னால் ஆவணங்களில் வரப்போகும் பிளேக், கொளுத்தப்பட்ட கடைவீதி, சுகாதாரக் குழுக்கள் எல்லாம் ஒரே நூலில் கோத்த மணிகளாகத் தெரியும்.

இந்தப் படத்தை மடித்து வைப்பதற்கு முன்பு இன்னொரு வேலை செய்யுங்கள். மேட்டு நிலத்துக்கு ஒரு நிறமும் தாழ்ந்த சமதளத்துக்கு ஒரு நிறமும் பூசுங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, 1930-கள் வரை யார் எங்கே குடியிருந்தார்கள் என்று குறியுங்கள். நிலையத்துக்கு மேற்கே உள்ள குன்றில் ரயில்வேயின் ஐரோப்பிய அதிகாரிகள். வடக்கே முத்தைகா மேட்டில் ஐரோப்பியக் குடும்பங்கள். சதுப்பை ஒட்டிய தாழ்வில் இந்தியக் கடைவீதி. அதற்கும் கிழக்கே, கறுப்பு மண் வெளியில், ஆப்பிரிக்கத் தொழிலாளர் குடியிருப்புகள். உயரப் படமும் இனப் படமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துவதைப் பார்ப்பீர்கள். இதைத் தானாக நேர்ந்த தற்செயல் என்று எழுதிவிடாதீர்கள். இதற்குப் பின்னால் இருந்த ஆணைகளைப் பிறகு பார்ப்போம்.

‘வெறும் நிலம்’ என்ற சொல்லை நிறுத்தி வைத்துக் கேள்வி கேளுங்கள்

முதல் ரயில் அதிகாரிகளின் குறிப்புகளில், அந்தச் சமவெளியில் மனித வாசமே இல்லை என்ற பொருள்படும் வரிகள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பார்த்த ஆண்டு எது என்பதைக் கவனியுங்கள் என்கிறேன். 1890-களின் தொடக்கத்தில் மாட்டுக் கொள்ளைநோய் மசாய் மந்தைகளைத் துடைத்தெடுத்திருந்தது. அதைத் தொடர்ந்து அம்மை வந்தது. 1898, 1899 ஆண்டுகளில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் கிகூயு, கம்பா ஊர்களையும் காலி செய்தது. அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான் தண்டவாளம் அங்கே வந்து சேர்ந்தது. மந்தை இழந்த மேய்ச்சல் நிலத்தையும், பஞ்சம் விரட்டிய வயல்களையும் பார்த்தவர்களுக்கு அவை உரிமையாளர் இல்லாத நிலமாகத் தெரிந்தன.

ஆகவே உங்கள் முதல் அத்தியாயம் ரயிலுக்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளைப் பேச வேண்டும். மசாய் மக்களுக்கு நைரோபி ஆறு மந்தைகளின் நீர்த்துறை. மேற்கிலும் வடக்கிலும் உள்ள மலைமுகடுகளில் கிகூயு உழவர்கள். கிழக்கே கம்பா மக்கள். இவர்களுக்கிடையே சண்டையும் உண்டு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு, தானியத்துக்குத் தோலும் ஆடும் மாற்றிய வாணிபமும் உண்டு. இம்பீரியல் பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கக் கம்பெனி 1889-லேயே மச்சாகோஸில் ஒரு கோட்டை அமைத்திருந்தது. 1895-ல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பகுதியைப் பாதுகாப்பு நாடாக, அதாவது தன் ஆளுகைக்கு உட்பட்ட நாடாக, அறிவித்தது. ராணுவப் பொறியாளர் பிரிவின் சார்ஜன்ட் எல்லிஸ் 1896 வாக்கில் நைரோபி ஆற்றருகே வண்டிமாடுகளுக்கான ஒரு கிடங்கை நடத்திவந்தார். ரயிலுக்குப் பின்னால் நடந்ததையும் இதே அத்தியாயத்தில் முடித்துவிடுங்கள்: 1904 உடன்படிக்கையின்படி பிளவுப் பள்ளத்தாக்கு மசாய்கள் வடக்கே லைகிப்பியாவுக்கு நகர்த்தப்பட்டார்கள், 1911-ல் இரண்டாவது உடன்படிக்கை அங்கிருந்தும் அவர்களைத் தெற்கே பெயர்த்தது. ஒரு நகரம் பிறந்ததும் ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தை விட்டுப் பெயர்ந்ததும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டுச் செய்தி.

பெயர்களைத் திரட்டுவது இந்தக் கட்டத்தில் நல்ல பலன் தரும். ஒரு ஊருக்கு எத்தனை பெயர்கள் இருந்தனவோ அத்தனையையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு பெயரையும் யார் வைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். 1901 டிசம்பரில் ரயில் விக்டோரியா ஏரியைத் தொட்ட இடம் போர்ட் ஃபுளோரன்ஸ் என்று ரயில்வேக்காரர்களால் அழைக்கப்பட்டது. தண்டவாளப் பணியை முன்னின்று நடத்திய ரொனால்ட் பிரெஸ்டனின் மனைவி பெயர் ஃபுளோரன்ஸ். ஆனால் லுவோ மக்கள் பண்டமாற்றுக்குக் கூடிய இடமாக அதற்கு முன்பே வழங்கிய கிசுமு என்ற பெயர்தான் நிலைத்தது. எல்டோரெட்டின் கதை இதைவிடச் சுவையானது. 1908-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வான் ரென்ஸ்பர்க் தலைமையில் போயர் குடும்பங்கள், அதாவது டச்சு வழிவந்த குடியேறிகள், மாட்டுவண்டிகளோடு உவாசின் கிஷு பீடபூமிக்கு ஏறின. 64-ஆம் எண் பண்ணையில் அஞ்சலகம் எழுந்ததால் ஊரே ‘சிக்ஸ்டி ஃபோர்’ ஆனது. அதைத் தங்கள் நாவில் திருப்பி ‘சிசிபோ’ என்றார்கள் உள்ளூர் மக்கள். 1912-ல் ஆளுநர் ஜிரூவார்ட் காலத்தில்தான் மசாய்ச் சொல்லிலிருந்து எடுத்த எல்டோரெட் என்ற பெயர் அரசாங்கப் பெயரானது. மூன்று பெயர்கள், மூன்று தரப்பு மக்கள். இந்த மூன்றையும் ஒரே பத்தியில் வைத்தாலே வாசகருக்கு அந்த ஊரின் சமூகம் புரிந்துவிடும்.

ஒரே பிறந்தநாளைத் தேடாதீர்கள்

நைரோபி எப்போது பிறந்தது? தண்டவாளம் வந்து சேர்ந்தது 1899 மே 30. அதே ஆண்டில் ரயில்வேயின் தலைமையகம் மொம்பாசாவிலிருந்து அங்கே மாறியது. மாகாண அதிகாரி ஜான் ஐன்ஸ்வொர்த்தும் தம் அலுவலகத்தை மச்சாகோஸிலிருந்து நைரோபிக்குக் கொண்டுவந்தார். 1900-ல் நகராட்சி ஒழுங்குவிதிகள் வந்தன. 1905-ல் மொம்பாசாவின் கையிலிருந்த தலைநகரத் தகுதி நைரோபிக்கு வந்தது. 1919-ல் அது முறைப்படியான நகராட்சியானது. 1950 மார்ச் 30 அன்று அரச சாசனம் பெற்று மாநகரானது.

இவற்றில் எது சரி என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலையன்று. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வினைச்சொல்லைக் கொடுங்கள்: வந்தது, மாறியது, வரையப்பட்டது, ஏற்றப்பட்டது. யார் செய்தார்கள் என்ற எழுவாயையும் கட்டாயம் எழுதுங்கள். ‘நைரோபி நிறுவப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவர் மறைந்துவிடுகிறார். தலைநகர மாற்றத்துக்குச் சில நூல்கள் 1905 என்றும் சில 1907 என்றும் எழுதும். இப்படி ஆண்டுகள் மோதும்போது, ஆணை பிறந்த நாள், அலுவலகம் பெயர்ந்த நாள் என இரு வேறு நிகழ்வுகளைப் பற்றி அந்த நூல்கள் பேசுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

1900-ஆம் ஆண்டு விதியைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நகர எல்லை எது என்பதற்கு அது தந்த விளக்கம், உகம்பா மாகாணத் துணை ஆணையரின் அலுவலகத்திலிருந்து ஒன்றரை மைல் ஆரம் கொண்ட வட்டம் என்பதாகும். ஒரு கவராயத்தை எடுத்து வரைபடத்தில் அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர் வரும். வட்டம் ஆற்றைப் பார்க்கவில்லை, சதுப்பைப் பார்க்கவில்லை, மேய்ச்சல் பாதையையோ வயல் வரப்பையோ பார்க்கவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து வரைந்த கோடு அது. வட்டத்தின் நடுப்புள்ளியையும் கவனியுங்கள். ஊரை எழுப்பியது ரயில்வே, நிலத்தின் பெரும்பகுதியைத் தன்வசம் வைத்திருந்ததும் ரயில்வே. ஆனால் நடுப்புள்ளி மாகாண அதிகாரியின் அலுவலகம். நகரத்தின் சொந்தக்காரர் யார் என்று ரயில்வேக்கும் சிவில் நிர்வாகத்துக்கும் அடுத்த பல ஆண்டுகள் நடந்த இழுபறி அந்த ஒற்றை வரியிலேயே தொடங்கிவிட்டது. ஒரு சட்ட வாக்கியத்தை இந்த அளவு நெருக்கமாக வாசித்தால், பத்து அறிக்கைகளை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட அதிகம் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டியவர்களையும் கடை வைத்தவர்களையும் பிரித்து எழுதுங்கள்

இந்த வரலாற்றில் நம்மவர்களும் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. ரயில் போட வந்த இந்தியக் கூலிகளே பின்னர் கடைக்காரர்களாகி ஊர்களை வளர்த்தார்கள் என்று எழுதிவிடுகிறோம். எண்களைப் பாருங்கள். 1896 முதல் 1901 வரை ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பின் தங்கியவர்கள் சுமார் 6,700 பேர் மட்டுமே. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். கடைவீதிகளை நிரப்பிய வணிகர்களில் பெரும்பாலோர் குஜராத்திலிருந்தும் கச்சிலிருந்தும் தங்கள் சொந்தச் செலவில், பல வேளை சான்சிபார் வழியாக வந்தவர்கள். இரண்டு கூட்டத்தாரின் மொழியும் வேறு, கடல் கடந்த காரணமும் வேறு. கச்சிலிருந்து வந்த அல்லிதினா விஸ்ரம், ரயில் முன்னேற முன்னேறக் கிளைக் கடைகளைத் திறந்து உகாண்டா வரை ஒரு வலையே பின்னினார். கராச்சியைச் சேர்ந்த ஏ. எம். ஜீவன்ஜி ரயில்வேக்கு ஒப்பந்தக்காரராக இருந்து, 1901-ல் மொம்பாசாவில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கி, 1906-ல் நைரோபியில் இன்றும் அவர் பெயரில் நிற்கும் பூங்காவை ஊருக்குக் கொடுத்தார்.

சாவோ சிங்கங்களின் கதைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்றும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 1898-ல் சாவோ பாலப் பணியிடத்தில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களைக் கொன்றன. ரயில்வே கணக்கு 28 இந்தியர்கள் என்றது. அவற்றைச் சுட்ட பொறியாளர் பேட்டர்சன் பிற்காலத்தில் 135 பேர் என்றார். எந்தக் கணக்கை எடுத்தாலும், மொத்தம் இறந்த 2,500 பேரில் அது சிறு பங்கு. எஞ்சியவர்களைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விபத்துகளும். அவர்களுக்கு நூல்களில் அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை என்பது மனதை வருத்தும் உண்மை. உங்கள் கட்டுரையில் அந்த விகிதத்தைத் திருத்துங்கள். ஆப்பிரிக்க உழைப்பையும் மறந்துவிடாதீர்கள்: சுமை தூக்கியவர்கள், மண் வெட்டியவர்கள், கல்லுடைத்தவர்கள், பின்னர் வீட்டு வேலைக்கும் பட்டறைக்கும் வந்தவர்கள். பெயர்ப் பட்டியலில் இவர்கள் இல்லை, சொற்களில் இருக்கிறார்கள். சுவாஹிலியில் கடைக்கு ‘டுகா’, வண்டிக்கு ‘காரி’ என்ற சொற்கள் இந்திய மொழிகளிலிருந்து வந்தவை. நைரோபியில் ரயில்வேயின் ஆப்பிரிக்கத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ‘லண்டி’ என்ற பெயரும் அப்படி வந்ததுதான். தாருஸ்ஸலாமின் கரியாக்கோ, நைரோபியின் கரியாகோர் ஆகிய இரண்டும் முதல் உலகப் போரில் சுமை தூக்க ஆட்களைத் திரட்டிய ‘கேரியர் கோர்’ என்ற படைப்பிரிவின் பெயர் மருவியவை. வேறெந்த நினைவுச் சின்னத்தைவிடவும் அதிகமானோர் நாள்தோறும் உச்சரிக்கும் சின்னம் அது.

விலையும் கூலியும் எழுதும்போது நாணயத்தைச் சரிபாருங்கள். அந்தப் பகுதியில் முதலில் புழங்கியது இந்திய ரூபாய். 1920-ல் ஃபுளோரின் வந்தது. அது ஓரிரு ஆண்டுகளே நின்றது. பிறகு கிழக்காப்பிரிக்க ஷில்லிங். 1910-ன் ரூபாய்க் கூலியை 1925-ன் ஷில்லிங் வாடகையோடு அப்படியே ஒப்பிட்டால் கணக்கு முழுதும் பிழையாகும். ஜெர்மன் ஆட்சியிலிருந்த தாருஸ்ஸலாமுக்குத் தனி ரூபாய் இருந்தது. அதன் சில்லறையும் 1904 வரை பெசா, பிறகு ஹெல்லர்.

கோப்புகள் எங்கே, எந்த வரிசையில்

காலனிய ஆவணங்கள் ஊரின் பெயரில் அடுக்கப்படுவதில்லை. ஆண்ட துறையின் பெயரில் அடுக்கப்படுகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பல மாத அலைச்சல் மிஞ்சும். கிழக்காப்பிரிக்கப் பாதுகாப்பு நாடு 1905 வரை லண்டனில் வெளியுறவு அலுவலகத்தின் கையில் இருந்தது. அதன் பிறகே குடியேற்ற அலுவலகத்துக்கு மாறியது. நைரோபியின் முதல் ஆறு ஆண்டுக் கடிதங்களைக் குடியேற்ற அலுவலகத்தின் சி.ஓ. 533 என்ற கோப்பு வரிசையில் தேடினால் அகப்படாது. கிசுமுவுக்கு இன்னொரு திருப்பம்: 1902 ஏப்ரல் வரை அது உகாண்டாவின் கிழக்கு மாகாணத்தில் இருந்த ஊர். உகாண்டாவுக்காகவே போட்டதால்தான் பாதைக்கு உகாண்டா ரயில்வே என்று பெயர். எல்லையை மாற்றிய பின் அந்தப் பாதை முழுவதும் பிற்காலக் கென்யாவுக்குள் வந்துவிட்டது. தாருஸ்ஸலாம் என்றால் 1862-ல் நகரை வகுக்கத் தொடங்கிய சான்சிபார் சுல்தான் மஜீதில் ஆரம்பித்து, 1891 முதல் அதைத் தலைநகராக்கிய ஜெர்மானியரின் ஆவணங்களைக் கடந்து, முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் கோப்புகளுக்கு வர வேண்டும்.

நைரோபியில் உள்ள கென்ய தேசிய ஆவணக் காப்பகத்தில் மாவட்ட ஆணையர்களின் ஆண்டறிக்கைகளும், ஓர் அதிகாரி மாறிப்போகும்போது அடுத்தவருக்கு எழுதிவைத்த ஒப்படைப்புக் குறிப்புகளும் இருக்கின்றன. என் பரிந்துரை, அரசிதழிலிருந்து தொடங்குங்கள் என்பதே. 1899 முதல் வெளிவரும் அந்த இதழில் எல்லை அறிவிப்பு, மனை ஏலம், சந்தை விதி, அபராதம் எல்லாம் தேதியோடு கிடைக்கும். உங்கள் காலவரிசையின் முதுகெலும்பு அதிலேயே அமைந்துவிடும். அடுத்து ஒப்படைப்புக் குறிப்புகள். மேலிடத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் பூசி மெழுகிய விஷயங்களை, தன் இடத்துக்கு வருபவரிடம் அதிகாரிகள் சற்று வெளிப்படையாகச் சொல்வார்கள். கடைசியாகக் கடிதப் போக்குவரத்து. விடுதலைக்கு முன் பிரிட்டன் தூக்கிச் சென்று மறைத்து வைத்திருந்த கோப்புகள், 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கின் விளைவாக வெளிவந்து, 2012 முதல் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் திறக்கப்பட்டன. 1950-களை எழுதுகிறவர் அதையும் பார்க்க வேண்டும்.

வாசிக்கும்போது ‘சுகாதாரம்’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நைரோபியின் வரலாற்றில் அது மிகக் கனமான சொல். 1902-ல் பிளேக் வந்தது. இந்தியக் கடைவீதி தீயிட்டுக் கொளுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் பிளேக் மீண்டும் வந்தது. சதுப்பில் கழிவுநீர் வடியாததும், சிறு மனைகளில் மக்கள் நெருக்கித் தள்ளப்பட்டதும் காரணமாக இருக்க, அறிக்கைகள் அங்கு வாழ்ந்தவர்களின் பழக்கவழக்கங்களைப் பழித்தன. 1913-ல் வந்த சுகாதார வல்லுநர் பேராசிரியர் சிம்ப்சன், இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க வேண்டுமென்று மருத்துவத்தின் பெயராலேயே பரிந்துரைத்தார். 1923-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட டெவன்ஷயர் வெள்ளை அறிக்கை என்ற கொள்கை அறிக்கை நகரங்களில் சட்டப்படியான இனப் பிரிவினையைக் கைவிடுவதாகச் சொன்னது. ஆனால் மனைப் பத்திரங்களில் எழுதப்பட்ட நிபந்தனைகள் அதையே தொடர்ந்து செய்தன. ஆகையால் கொள்கை அறிக்கையை வாசித்ததும் நின்றுவிடாமல், அதே ஆண்டின் பத்திரம் ஒன்றையும் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

ஆப்பிரிக்கர் நகரத்தில் இருப்பதே அனுமதிக்குரிய விஷயமாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் நடைமுறைக்கு வந்த ‘கிபண்டே’ என்ற பதிவுச் சீட்டை ஆப்பிரிக்க ஆண்கள் உலோகச் சிமிழில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்க வேண்டியிருந்தது. 1920-களின் தொடக்கத்தில் பும்வானி ஆப்பிரிக்கருக்கான அதிகாரபூர்வக் குடியிருப்பாக வகுக்கப்பட்டது. அவர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட பங்கானி என்ற பழைய குடியிருப்பு 1930-களின் இறுதியில் இடிக்கப்பட்டது. சூடானிலிருந்து படையில் வந்து ஓய்வுபெற்ற நூபியச் சிப்பாய்கள் காட்டோரம் குடியேறிய கிப்ரா, அவர்கள் மொழியில் காடு என்று பொருள்படும் சொல், இன்று உலகமே அறிந்த கிபேரா. 1922 மார்ச்சில் கிகூயு அரசியல் தலைவர் ஹாரி துக்கு கைதானதை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசுக் கணக்கு 21 பேர் இறந்ததாகச் சொல்கிறது. முன்வரிசையில் நின்று மாண்ட முத்தோனி ந்யஞ்சிரு என்ற பெண்ணின் பெயரை மக்கள் பாட்டாகவும் பேச்சாகவும் காத்தார்கள்.

வளர்ச்சி எண்களும் தெருப் பெயர்களும்

மக்கள்தொகை எண்ணை எழுதும் முன் அந்த ஆண்டின் எல்லையை எழுதுங்கள். 1948 கணக்கெடுப்பில் நைரோபியில் 1,18,976 பேர், 1962-ல் 2,66,794. அடுத்த ஆண்டே 3,42,764 என்ற எண் வருகிறது. ஒரே ஆண்டில் எழுபத்தாறாயிரம் பேர் வந்து குவியவில்லை. 1963-ல் நகர எல்லை பன்மடங்கு விரிந்து, சுற்றியிருந்த ஊர்கள் உள்ளே வந்தன. 1948-க்கு முன்பு ஆப்பிரிக்கரை முழுமையாக எண்ணிய கணக்கெடுப்பே கென்யாவில் நடக்கவில்லை என்பதால், அதற்கு முந்தைய எண்களை மதிப்பீடு என்று குறித்தே பயன்படுத்துங்கள்.

பழைய கடிதங்களில் வரும் தெருக்களை இன்றைய தெருக்களோடு பொருத்தும் பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். கவர்ன்மென்ட் ரோடு இன்று மோய் அவென்யூ. டெலமேர் அவென்யூ கென்யாட்டா அவென்யூ. ஹார்டிஞ் தெரு கிமாத்தி தெரு. விக்டோரியா தெரு டாம் எம்போயா தெரு. பஜார் தெரு பியாஷாரா தெரு, அதாவது வணிகத் தெரு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள், அல்லது நடந்தவரிடம் கேளுங்கள். முதியவர்களிடம் பேசும்போது ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், வாடகையை யாரிடம் கொடுத்தீர்கள், எந்தத் தெருவில் நடக்க அஞ்சினீர்கள் என்று கேளுங்கள். அந்த விடைகளைக் கோப்பிலுள்ள தேதியோடு ஒத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். பேசியவரின் பெயரை அவர் இசைந்தால் மட்டும் சேருங்கள்.

இவ்வளவும் சேர்ந்த பின் முதல் வாக்கியத்துக்கு வாருங்கள். ‘1899-ஆம் ஆண்டு நைரோபி நகரம் நிறுவப்பட்டது’ என்று உங்கள் முதல் வரைவில் இருக்கலாம். அதை அடித்துவிட்டு, நீங்கள் திரட்டியதைக் கொண்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பஞ்சம் வாட்டிய 1899-ஆம் ஆண்டின் மே மாதக் கடைசியில், மசாய் மந்தைகள் நீரருந்திய குளிர்ந்த ஓடையின் கரையில், பஞ்சாபிலிருந்து வந்த தொழிலாளர்கள் 327-ஆவது மைலின் தண்டவாளத்தைக் கரிசல் மண்ணில் பதித்தார்கள், மலையேறும் முன் எஞ்சின்களை நிறுத்த இடம் தேடிய பொறியாளர்களுக்கு அந்தச் சமவெளி போதுமானதாக இருந்தது.’